மூன்றாவது லாச்சி

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு நாங்கள் நால்வரும் அவரவர் வீட்டில் கணினி முன்னால் உட்காருவோம். கெடாவில் வெள்ளிதான் வார விடுமுறை. கரங்கானில் மருந்தகத்தில் வேலை செய்யும் ஒரு பெண், பாலிங்கில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர், அவர் மனைவி, சுங்கை பட்டாணியில் தனியாக இருக்கும் நான். திரையில் ஒரு வரைபடம் விரியும். அதன்மேல் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய வட்டம், வட்டத்துக்குள் நாங்கள் ஏற்றிருக்கும் பாத்திரத்தின் முகம். பேசிப் பேசியே ஒரு கதையை விளையாடும் ஆட்டம், கரங்கான் பெண்தான் கதை நடத்துவாள். "கதவு பூட்டியிருக்கு. என்ன செய்றீங்க?" என்று கேட்பாள். செய்வதைச் சொல்லிவிட்டுப் பகடை உருட்டுவோம். பகடையும் திரையில்தான் உருளும்.

நோய்த்தொற்றுக் காலத்தில் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது கோலாலம்பூரிலிருக்கும் என் மகள் என்னை இந்தக் குழுவில் சேர்த்துவிட்டாள். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் ஒரு மந்திரவாதி. பாலிங் தம்பி கோடாரிக்காரர்.

"அண்ணே, போன வாரமும் கதவுக்குப் பின்னாலயே நின்னுட்டீங்க," என்பார் அவர். "இந்த வாரமாச்சும் உள்ள வாங்க லா."

"மந்திரவாதி பின்னாலதான் நிக்கணும் தம்பி."

"மந்திரம் போட்டா சரி. நீங்க நோட்டுல எழுதிக்கிட்டு நிக்கிறீங்க."

அது உண்மை. என்ன நடந்தாலும் நீள நோட்டில் எழுதி வைப்பேன். முப்பத்தைந்து வருடம் தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தவன். பேனா இல்லாமல் எனக்கு உட்காரத் தெரியாது. இதை அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பாலிங் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் சிடாம் கிரி பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மூன்று வருடம் இருந்ததை மட்டும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் மற்றவர்கள் எழுதிய சாகசங்களை விளையாடினோம். பிறகு ஒரு நாள் கரங்கான் பெண் சொன்னாள்: "அங்கிள், அடுத்தது நானே எழுதப் போறேன். கோட்டை, டிராகன் எல்லாம் போதும். அப்பா சொன்ன தோட்டத்துக் கதை."

கதை இதுதான். ஒரு பழைய தோட்டம். அதன் வாசலில் ஒரு காவல்காரர் நிற்கிறார். பெயர் எழுதிய காகிதம் இல்லாத யாரையும் அவர் வெளியே விடமாட்டார். ஒரு சிறுமி பல வருடங்களாக அந்த வாசலிலேயே நிற்கிறாள். அவளுடைய காகிதம் தோட்டத்துக்குள் எங்கேயோ கிடக்கிறது. விளையாடுகிறவர்கள் அதைக் கண்டுபிடித்து, வாசலுக்குக் கொண்டுபோய், அவள் பெயரைப் படிக்க வேண்டும். படித்தால் அவள் வெளியே போகலாம்.

அன்றைக்கு அவள் தோட்டத்து வரைபடத்தை முதன்முறையாகத் திரையில் காட்டினாள். தகப்பனார் சொல்லச் சொல்ல வரைந்தது என்றாள். இடப்பக்கம் ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகை, அதை ஒட்டி ஜம்பு மரம், எதிரே ஆபீஸ், ஆபீஸுக்கு முன்னால் செம்மண் சரிவு, சரிவின் அடியில் முனியாண்டி கோயில். அந்த ஆபீஸின் எந்தச் சன்னல் மழைக்கு ஒழுகும் என்று எனக்குத் தெரியும். "நல்லா வரைஞ்சிருக்கம்மா," என்றேன்.

சிடாம் கிரி பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்துக்குப் போனபோது எனக்கு இருபத்தெட்டு வயது. கிராணியைக் கண்டால் தொழிலாளர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, கடந்த பிறகுதான் மறுபடி ஏற வேண்டும் என்பது பழைய வழக்கம். அப்போதே பல தோட்டங்களில் அது போய்விட்டது. எங்கள் தோட்டத்திலும் போயிருக்கும். நான்தான் விடவில்லை. ஐந்தாம் படிவம் முடித்து, ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு அந்த மரியாதை உரியது என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு காலை ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன். பால்மரம் வெட்டும் ஒருவர் சரிவில் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. இரண்டு கால்களையும் அகட்டி நீட்டிக்கொண்டு, செருப்பு மண்ணில் உரச, புழுதி கிளம்ப, என்னைத் தாண்டிக் கோயில் வரைக்கும் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது.

அதற்கு நான்கு நாள் முன்புதான் அந்தச் சைக்கிள்காரருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுக் காகிதங்களை அப்போது ஆபீஸ்தான் டவுனுக்குக் கொண்டுபோகும். அந்தக் காகிதம் என் மேசைமேல் இருந்தது. அதை எடுத்து மேசை இழுப்பறைகளில் மூன்றாவது லாச்சியில், மை ஒற்றும் தாளுக்கு அடியில் வைத்தேன். ஒரு வாரம் அலையட்டும் என்றுதான் வைத்தேன். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. கெடு தாண்டிவிட்டது. இனி கொண்டுபோனால் ஏன் தாமதம் என்று துரைக்கு நான் விளக்கம் எழுத வேண்டும். லாச்சியை மூடிவிட்டேன். அவர் வந்து கேட்டபோதெல்லாம், "அனுப்பியாச்சு, தபாலில் வரும்," என்றேன். பிறகு எனக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. போகும்போதும் லாச்சியைத் திறக்கவில்லை.

இதை நான் மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். நினைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

சாகசம் எழுதி முடிக்க அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று. சுங்கை பட்டாணியில் ஒரு கோயில் மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை, நான்கு மேசைகளில் ஒரே நேரத்தில் இதை விளையாட ஏற்பாடு செய்தாள். அவளுடைய தகப்பனாரையும் அழைத்து வருவதாக இருந்தது. இடையில் அவருக்குப் பக்கவாதம் வந்து, வலக்கை விழுந்து, பேச்சும் பாதி போய்விட்டது. தன் கதையைப் பிள்ளைகள் விளையாடுவதை அவர் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு.

நான்கு மேசை என்றால் நான்கு கணினி. ஒரு கணினியில் இருக்கும் சாகசத்தை எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். வரைபடங்கள், சுவர்கள், விளக்குகள், பாத்திரங்கள், கதை நடத்துபவருக்கான ரகசியக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி, மற்றக் கணினிகளில் இறக்க வேண்டும். பொதி கட்டுகிறவர் எல்லா ரகசியத்தையும் பார்த்துவிடுவார், பிறகு விளையாட முடியாது. அதனால் யாரும் முன்வரவில்லை.

"நான் கட்டுறேம்மா," என்றேன்.

"அங்கிள், நீங்க விளையாட முடியாம போயிருமே."

"பரவால்ல. எனக்கு ஃபைல் வேலைதான் வரும்."

விட்டுக்கொடுக்கிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். பாலிங் தம்பியின் மனைவி, "உங்க மனசு யாருக்கு வரும் அண்ணே," என்றார். கிராணியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் நான் அந்த வேலையைக் கேட்டேன்.

வீட்டிலிருந்தபடியே அவள் கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய எனக்கு உரிமை கொடுத்தாள், கடவுச்சொல் கொடுத்தாள். முதல் நாளே குறிப்புகளைத் தேடினேன். 'மூன்றாவது லாச்சி' என்ற தலைப்பு பட்டியலில் இருந்தது. திறந்தேன். அவள் தகப்பனார் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள்.

"கிராணி ஆபீஸ், மூணாவது லாச்சி, மை ஒத்துற தாளுக்கு அடியில. பிள்ளை பொறந்த காகிதம். நான் சைக்கிள விட்டு எறங்கலன்னு கிராணிக்குக் கோவம். உள்ள போட்டுட்டாரு. போய்க் கேட்டா, அனுப்பியாச்சும்பாரு. அவரு போயி, அடுத்த கிராணி போயி, மூணாவதா வந்தவரு மேசைய சுத்தம் பண்ணப்ப எடுத்துக் குடுத்தாரு. அத வச்சுத்தான் சூராட் பெரானாக், பொறப்புப் பத்திரம், எடுத்தேன். எம் பிள்ளைக்கு ஒம்பது வயசுலதான் ஒண்ணாம் வகுப்பு. அது வரைக்கும் காலையில வேலியோரம் நிக்கும். மத்த பிள்ளைங்க பஸ் ஏறுறத பார்க்கும். பஸ் போனப்புறமும் நிக்கும்."

என் பெயர் அதில் இல்லை. கிராணி என்று மட்டும்தான் இருந்தது. மூன்று வருடமாக வெள்ளிதோறும் 'என்ன செய்றீங்க அங்கிள்' என்று என்னைக் கேட்டவள்தான் அந்தக் குழந்தை என்பது அப்போதுதான் தெரிந்தது. வரைபடத்தைப் பார்த்த அன்றே நான் கணக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை.

அன்றே ஒரு அழைப்பு செய்து சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், மண்டபத்தில் நான்கு மேசையிலும் இந்தக் குறிப்பை உரக்கப் படிப்பார்கள், நானும் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன் என்று யோசித்தேன். தோட்டத்து ஆபீஸில் ஒரு பக்கம் கெட்டுப்போனால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். பக்கத்தைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் அதே தலைப்பை எழுதி, வேண்டியபடி நிரப்பி, அதே இடத்தில் சொருகிவிடுவோம். தலைப்பு சரியாக இருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். அவள் குறிப்பை அழித்தேன். 'மூன்றாவது லாச்சி' என்று புதுக் குறிப்பு ஒன்று தொடங்கினேன். "வெள்ளத்தில் ஆபீஸ் காகிதங்கள் நனைந்து போயின. கிராணி எவ்வளவோ முயன்றும் குழந்தையின் காகிதத்தைக் காப்பாற்ற முடியவில்லை" என்று எழுதினேன்.

அழிப்பதற்கு முன் அவள் எழுதியதை என் நோட்டில் வரி விடாமல் கையால் பார்த்து எழுதிக்கொண்டேன். எதை ஒழித்தாலும் ஒரு நகல் வைத்துக்கொள்வது கிராணி வேலையில் வந்த பழக்கம். அதில் நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை.

பொதியைக் கட்டி எடுத்துக்கொண்டு, விளையாட்டுக்கு ஒரு வாரம் முன்பு, சனிக்கிழமை மதியம் பாலிங் போனேன். தம்பியின் கடையில், பெயின்ட் டின்களுக்கு நடுவே இருந்த கணினியில் அதை இறக்கிப் பார்த்தோம். அவர் ஒரு மேசைக்குக் கதை நடத்துவதாக இருந்தார், அதனால் அவரும் ரகசியங்களைப் பார்க்கலாம்.

முதலில் வரைபடங்கள் எல்லாம் கறுப்பாக வந்தன. படங்களைப் பொதிக்குள் வைக்காமல் அவள் கணினியிலேயே விட்டுவிட்டு, அவை இருக்கும் இடத்தை மட்டும் பொதி சுமந்து வந்திருந்தது. அதைச் சரிசெய்தேன். பிறகு இரண்டு படங்கள் மட்டும் வரவில்லை. கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தது காரணம். அதையும் மாற்றினேன். பிறகு சுவர் வழியாக நடக்க முடிந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்தோம். அந்த இரண்டு மணி நேரம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"அண்ணே, நீங்க கிராணியா மெக்கானிக்கா?" என்றார் தம்பி.

பிறகு அவர் கிராணியின் மேசையைத் தட்டி, மூன்றாவது லாச்சியைத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: குறிப்பு காணப்படவில்லை.

"பட்டியல்ல இருக்கே?"

பட்டியலில் இருந்தது. தலைப்பும் அப்படியே இருந்தது. ஆனால் அந்த மென்பொருள் தலைப்பைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் பிறக்கும்போதே ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. மேசை, சாவி, காவல்காரர் என எல்லா இடத்திலிருந்தும் வரும் இணைப்புகள் அந்த எண்ணைத்தான் தேடும். நான் அழித்ததோடு அந்த எண் போய்விட்டது. அதே தலைப்பில் நான் செருகிய தாளை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

எனக்கு விஷயம் உடனே புரிந்தது. தம்பி பட்டியலிலிருந்தே குறிப்பைத் திறந்து படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"என்ன அண்ணே இது? காகிதம் வெள்ளத்துல போச்சுன்னா பிள்ளை எப்படி வெளிய வரும்? கதையே முடியாதே."

"பழைய எழுத்தா இருக்கும். நான் கேக்குறேன்."

"வாசல்லயே நிக்க வேண்டியதுதான் போல, அந்தப் பிள்ளை," என்று சிரித்துக்கொண்டே ஒரு வாடிக்கையாளருக்கு ஆணி நிறுக்கப் போனார்.

என் பெயரைக் காப்பாற்ற எழுதியபோது, அந்தச் சிறுமிக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. முதல் தடவையும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குச் சொல்லவில்லை. மறுபடி அவள் கணினிக்குள் போய், வெள்ளக் குறிப்பையும் அழித்தேன். அவள் அதைப் படித்தால் இது தன் எழுத்து இல்லை என்று கண்டுபிடித்துவிடுவாள். இப்போது 'மூன்றாவது லாச்சி' என்று ஒன்றுமே இல்லை.

லாச்சி திறக்கவில்லை என்று பாலிங் தம்பி சொல்ல, அந்த வாரம் முழுவதும் அவள் வேலை முடிந்து வந்து தேடினாள். அவளிடம் பாதுகாப்புக்காக எடுத்து வைத்த பழைய பிரதி ஒன்று இருந்தது, ஆனால் அது தகப்பனார் இதைச் சொல்வதற்கு முன் எடுத்தது. அவர் சொல்லச் சொல்ல நேராக அதிலேயே தட்டச்சு செய்திருந்தாள், வேறு எங்கும் எழுதவில்லை. அடுத்த மாதமே அவருக்குப் பக்கவாதம்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்தாள். "அங்கிள், நீங்க கட்டுறப்ப லாச்சிக் குறிப்பு இருந்துச்சா?"

"கவனிக்கலம்மா. எக்ஸ்போர்ட்ல சிலது விட்டுப் போகும்."

திங்கட்கிழமை அழைத்தாள். "வெள்ளம்னு ஏதோ இருந்துச்சுன்னு பாலிங் அண்ணன் சொல்றாரு. நான் வெள்ளம்னு எழுதவே இல்லையே. வேற சாகசத்துல இருந்து வந்து கலந்திருக்குமா?"

"கலந்திருக்கலாம்."

புதன்கிழமை அழைத்தாள். குரல் தேய்ந்திருந்தது.

"அங்கிள், நான்தான் எங்கயோ கை பட்டு அழிச்சிருக்கேன் போல. மன்னிச்சிருங்க. உங்கள ரெண்டு தடவை கட்ட வச்சுட்டேன், பாலிங் வரைக்கும் அலைய வச்சுட்டேன்."

"மென்பொருள் அப்படித்தாம்மா. உன் தப்பு இல்ல."

"அப்பாகிட்ட மறுபடி கேட்டுப் பார்த்தேன். லாச்சி, லாச்சின்னு ரெண்டு தடவை சொன்னாரு. அதுக்கு மேல வரல. அழுதுட்டாரு. இனிமே கேக்க மாட்டேன். ஞாபகத்துல இருக்கிறத நானே எழுதிர்றேன். ஆனா அது அப்பா பேச்சா இருக்காது."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் உன் தப்பு இல்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். நோட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. இதைக் கேட்ட பிறகும் அன்றே சொல்லவில்லை. வியாழக்கிழமையும் போயிற்று. ஒரு வழி தேடிக்கொண்டிருந்தேன். நகலை மட்டும் தட்டச்சு செய்து, பழைய பொதியில் கிடைத்தது என்று அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். அப்படி ஒரு கடிதத்தைக்கூட எழுதிப் பார்த்தேன். 'அனுப்பப்பட்டுள்ளது' என்று அதில் ஒரு சொல் வந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு கரங்கானுக்குப் போனேன். தாமானில், வரிசை வீடுகளில் ஒன்று. கேட்டுக்குப் பக்கத்தில் செம்பருத்தி. நேரில் வந்ததில் அவளுக்கு ஆச்சரியம். தகப்பனார் ஹாலில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். வலக்கை மடியில் கிடந்தது.

"அப்பா, இவருதான் பொதி கட்டுற அங்கிள்," என்றாள். அவர் இடக்கையைத் தூக்கினார்.

கோப்பி கலக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், முதலில் உட்காரம்மா என்றேன். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க கிடைச்சிச்சு அங்கிள்?"

"நான்தான் அழிச்சேன். அழிக்கிறதுக்கு முன்னாடி எழுதி வச்சுக்கிட்டேன். வெள்ளம்னு எழுதினதும் நான்தான். அதையும் நான்தான் அழிச்சேன்."

அவளுக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டாள்.

"சிடாம் கிரி தோட்டத்துல அந்த மேசை என்னோடது. காகிதத்த லாச்சில வச்சது நான்."

அவள் தகப்பனாரைப் பார்த்தாள். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் முடி இல்லை. கண்டுபிடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "அனுப்பியாச்சுன்னு அப்பாகிட்ட எத்தனை தடவை சொன்னீங்க?"

"அஞ்சாறு தடவை இருக்கும்."

"இந்த வாரம் என்கிட்ட?"

"மூணு தடவை."

அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் ஒன்றைக் கழுவும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கழுவினாள். நானும் அவரும் எதிரெதிரே இருந்தோம். மன்னிப்புக் கேட்க அதுதான் நேரம். 'ஐயா' என்று ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் அவர்தான் என்னை அப்படி அழைப்பார். "தப்பு பண்ணிட்டேன். பிள்ளையோட ரெண்டு வருஷத்த கெடுத்துட்டேன்," என்றேன். அவர் தலையை அசைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்தாள்.

"அந்த இணைப்பு எல்லாம் எத்தனை இடத்துல இருக்கு?"

"பதினொண்ணு."

"நாளைக்கு விளையாட்டு. நீங்களே உக்காந்து சரி பண்ணுங்க. குறிப்பையும் நீங்களே டைப் பண்ணுங்க. நான் படிக்கிறேன்."

அவள் என் நோட்டிலிருந்து படித்தாள், நான் தட்டினேன். என் கையெழுத்தில் அவள் தகப்பனாரின் பேச்சு. 'நான் சைக்கிள விட்டு எறங்கலன்னு கிராணிக்குக் கோவம்' என்று அவள் படித்தபோது பிரம்பு நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் இடக்கையைத் தூக்கி ஆட்டினார்.

"பிரே..."

"என்னப்பா?"

"பிரேக்." மூச்சு வாங்கினார். "பிரேக் இல்ல."

அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். "எதுக்குப்பா பிரேக் இல்ல? சைக்கிளுக்கா?"

"எறங்க... பார்த்தேன்." இடக்காலை நீட்டி, செருப்பைத் தரையில் உரசிக் காட்டினார். "நிக்கல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பா, கிராணிக்கே அடங்காம போன ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே. பள்ளிக்கூடத்துல கட்டுரைகூட எழுதினேனே." அவருடைய வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

என்னால் சிரிக்க முடியவில்லை. அகட்டி நீட்டிய அந்தக் கால்களை நான் பார்த்திருக்கிறேன். மண்ணில் செருப்பு உரசியதைக் கேட்டிருக்கிறேன். சரிவில் நிற்க முடியாமல் ஒரு மனிதன் தவிக்கிறான் என்பது பத்தடி தூரத்திலிருந்த எனக்குத் தெரியவில்லை. திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம், எதிரே கோயில் சுவர் வந்துகொண்டிருந்தது.

"இதைச் சேர்த்துரவாப்பா?" என்று அவள் கேட்டாள். அவர் யோசித்தார். நாற்பது வருடப் பெருமையை விட்டுக்கொடுக்க வேண்டும் அல்லவா. பிறகு தலையசைத்தார். 'சைக்கிள்ல பிரேக் இல்ல, எறங்கத்தான் பார்த்தேன், நிக்கல' என்று கடைசி வரியாகத் தட்டினேன்.

பதினொரு இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் புது எண்ணுக்குத் திருப்பினேன். மேசை, சாவி, காவல்காரர், ஜம்பு மரத்தடியில் இருக்கும் கிழவி. பொதியை மறுபடி கட்டி, அவளுடைய இன்னொரு கணினியில் இறக்கி, லாச்சியைத் தட்டிப் பார்த்தோம். திறந்தது. மணி மூன்று தாண்டியிருந்தது. கோப்பியைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை.

வாசலுக்கு வந்தபோது சொன்னாள். "நாளைக்கு மண்டபத்துக்கு வராதீங்க அங்கிள். அப்பா வருவாரு. அவரு கதையப் பார்க்கட்டும். உங்களப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டாம்."

"சரிம்மா."

சனிக்கிழமை வீட்டில் இருந்தேன். மண்டபம் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். மாலை ஐந்து மணிக்குப் பாலிங் தம்பி அழைத்தார்.

"அண்ணே, நீங்க வந்திருக்கணும். நாலு மேசையிலயும் ஒரு எரர் இல்ல. தண்ணி மாதிரி ஓடிச்சு."

"பிள்ளை?"

"எங்க மேசையில முதல்ல போச்சு. லாச்சிக் குறிப்ப நான்தான் படிச்சேன். பிரேக் இல்லன்னு வந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க. வாசல்ல அந்தப் பேரப் படிக்கச் சொன்னேன் அண்ணே, தங்கச்சி என்ன பண்ணிச்சுன்னா, கடைசி மேசையில அப்பாவையே படிக்க வச்சிச்சு. மகள் பேருதானே. அந்த ஒரு வார்த்தை சுத்தமா வந்திச்சு அவருக்கு."

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"முதுகு எப்படி இருக்கு இப்ப? முதுகு வலி, அதனால வரலன்னு தங்கச்சி சொன்னிச்சு. கடைசியில உங்க பேரச் சொன்னப்ப எல்லாரும் கை தட்டினாங்க."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்காக ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறாள். நான் சும்மா இருந்தால் போதும், விஷயம் அப்படியே மூடிக்கொள்ளும். லாச்சி மாதிரி.

"முதுகு வலி இல்ல தம்பி," என்றேன். சரிவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. பின்னால் அவர் மனைவி ஏதோ கேட்க, "இரு," என்றார்.

முடித்த பிறகு கேட்டார். "வெள்ளம்னு எழுதினது நீங்களா?"

"ஆமா."

"தங்கச்சிதான் ஏதோ குழப்பி எழுதிருச்சுன்னு நான் அதுகிட்டயே சொன்னேன் அண்ணே. கொஞ்சம் சத்தமாகூட சொல்லிட்டேன்." பிறகு, "நான் அதுகிட்ட பேசணும்," என்று வைத்துவிட்டார். என்னால் பாலிங்கிலும் ஒருவர் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கே அவளுக்கு இரண்டு வரி எழுதினேன். பாலிங் தம்பியிடம் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி. உன் கணினிக்குள் நுழைய எனக்குக் கொடுத்த உரிமையை எடுத்துவிடு என்று ஒரு வரி. பதில் வரவில்லை. மறுநாள் காலை என் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. தவறாகத் தட்டியிருக்கலாம் என்று இன்னொரு தடவை, எழுத்து எழுத்தாகப் பார்த்துப் போட்டேன். அப்போதும் திறக்கவில்லை.